ஏறக்குறைய சடையாண்டி

முகம் பார்த்துத் திறக்கிற அந்தக் கதவுக்கு இரண்டே கணக்குத்தான். ‘அச்சு அசல்’ என்று வைத்தால் காலையில் போன முகம் அப்படியே திரும்பி வரவேண்டும். ‘ஏறக்குறைய’ என்று வைத்தால் முன்னே பின்னே இருந்தாலும் திறந்துவிடும்.

சடையாண்டிக்கு கிரஷரில் கல் உடைக்கிற வேலை. தலையிலிருந்து கால்வரை வெள்ளைப் புழுதியோடு வருகிறவனைக் கதவு யாரோ என்று வாசலிலேயே நிறுத்தியது. “உள்ள போகணும்னா குளிச்சிருக்கணும். குளிக்கணும்னா உள்ள போகணும். நல்ல பொழப்புடி” என்று அவன் கத்தியதில், பெண்டாட்டி ஒச்சம்மாதான் நேற்று அதை ‘ஏறக்குறைய’வுக்கு மாற்றினாள்.

இன்று பொழுது சாய, “சடையாண்டி வந்துவிட்டார்” என்று கதவு திறந்தது. அடுப்படியில் இருந்தவள் திரும்பிப் பார்த்தபோது, புழுதி படிந்த முதுகு ஒன்று உள்ளறைக்குள் போய்க்கொண்டிருந்தது.

“இன்னைக்குத்தான்யா கதவு உன்னைய மனுசனா மதிச்சிருக்கு” என்று சிரித்தாள்.

பதில் இல்லை. வாய்ப் புழுதியைக் காறித் துப்பாமல் அவன் என்றைக்குமே பேசமாட்டான்.

“துண்டு கொடியில கிடக்கு. உள்ள பிள்ளை தூங்குறா, அழுக்குக் கையோட தொட்டுறாத.”

குழம்பை இறக்கி வைத்தாள். கதவு மறுபடியும் சொன்னது: “சடையாண்டி வந்துவிட்டார்.”

வாசலில் இன்னொரு புழுதி உருவம் நின்றது. வெளியே எட்டிக் காறித் துப்பிவிட்டு, “ஏ ஒச்சு, தண்ணி காஞ்சிருச்சா?” என்றது. அவள் புருஷன் குரல்.

ஒச்சம்மா உள்ளறைப் பக்கம் கையை மட்டும் நீட்டினாள்.

அங்கே உள்பக்கமாகத் தாழ் விழுந்தது.