திமிங்கலத்துக்குத் தூக்கம் வரவில்லை

திமிங்கலம் துறைமுகத்துக்குள் வந்துவிட்டது.

கறுப்புச் சட்டை போட்ட அந்தப் பெண்ணின் வலது கைதான் திமிங்கலம். முழங்கையிலிருந்து விரல்நுனி வரை ஒரே உடம்பு. இடது கை கடல். படகுகளுக்கு நடுவே, யாரையும் இடித்துவிடக் கூடாதே என்று அது பயந்து பயந்து திரும்பியபோது, பார்த்துக்கொண்டிருந்தவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் கோடைக்காலக் கதை நேரம். ஐந்து சனிக்கிழமைகளில் சொல்லி முடிக்கப்போகும் ஒரே கதை. தூக்கம் வராத திமிங்கலம் ஒன்று தூங்க இடம் தேடி ஊர் ஊராகப் போகிறது. இன்று மூன்றாவது சனிக்கிழமை.

கதை சொல்பவர் தொப்பி வைத்த பெரிய மனிதர். அவர் சொல்லச் சொல்ல, பக்கத்தில் நின்று அதைச் சைகை மொழிக்கு மாற்றுவது கறுப்புச் சட்டைக்காரியின் வேலை. கைகள் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் எப்போதும் கறுப்பு.

கம்பளத்தில் உட்கார்ந்திருந்த இருபது குழந்தைகளும் தொப்பிக்காரரையே பார்த்தார்கள்.

அவள் மட்டும், சுவரோரம் அம்மாக்களின் வரிசையில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்ன கைகள்! அலை வந்தால் தோளிலிருந்தே புறப்பட்டு வந்தது. கலங்கரை விளக்கத்துக்கு ஒரு முஷ்டி போதும். அதை மெல்லத் திறந்து மூடினால் வெளிச்சம் அறை முழுக்கச் சுற்றியது. திமிங்கலம் கொட்டாவி விட்டபோது அந்த ஒல்லி முகமே அகன்று பெரிதானது. கண்கள் சொருகின. இதோ தூங்கிவிட்டது என்று நினைக்கும்போதே, ஒரு கண் மட்டும் பட்டென்று திறந்துகொண்டது.

அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

யாரோ கையைப் பிடித்து இழுத்தார்கள். மகள். எதிர் அறையைக் காட்டினாள். அங்கே களிமண் வகுப்பு. பிள்ளைகள் முழங்கை வரை மண்ணும் தண்ணீருமாக, கும்மாளமாக இருந்தார்கள். மூன்று வாரமாக இதே நச்சரிப்பு. எட்டு வயதுக்காரிக்குத் திமிங்கலம் அலுத்துவிட்டது.

முடியாது என்று அவள் தலையசைத்தாள். மகள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு கம்பளத்துக்குத் திரும்பிப் போனாள்.

பக்கத்து நாற்காலிக்காரி இதைப் பார்த்துவிட்டுத் தன் தோழியிடம் திரும்பினாள். வாயை மறைத்துக்கொள்ளக்கூட இல்லை. "இவ வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடும்போல. புள்ளைக்குப் பிடிக்கலைன்னா விட்டுட வேண்டியதுதானே?"

நியாயமான கேள்விதான். முதல் சனிக்கிழமை மகளுக்காகத்தான் வந்தாள். இரண்டாவது சனிக்கிழமை, மகளைவிட அரை மணி நேரம் முன்னாலேயே அவள் கிளம்பித் தயாராக நின்றாள்.

சிறு வயதில் அவள் அப்பாவும் கதை சொல்வார். அண்ணன்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவர்களைப் பார்த்து அவளும் சிரித்துவைப்பாள்.

இங்கே அப்படிச் சிரித்துவைக்க வேண்டியிருக்கவில்லை.

இன்றைய பகுதி முடிந்தது. திமிங்கலம் இரண்டு கப்பல்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. மீதி அடுத்த வாரம். குழந்தைகள் எழுந்து ஓடினார்கள். நூலகர் கறுப்புச் சட்டைக்காரியைக் கண்ணாடி அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

அவர் இந்தப் பக்கம் பார்த்துத்தான் நின்றிருந்தார். கண்ணாடிக்கு வெளியே இருந்த அவளுக்கு ஒரு சொல்கூடத் தப்பவில்லை.

"நீ ரொம்ப நல்லா பண்றம்மா, அதுல ஒண்ணும் சொல்றதுக்கில்ல. ஆனா இது தேவைப்படுற குழந்தை ஒண்ணுகூடப் பதிவு பண்ணலையே. அடுத்த வாரத்துலேர்ந்து நீ வர வேண்டாம்."

கறுப்புச் சட்டைக்காரி புன்னகையோடு தலையாட்டினாள். சற்று முன்பு கடலையே தூக்கி நிறுத்திய கைகள் இரண்டும் பக்கவாட்டில் சும்மா தொங்கின.

அப்படியானால் திமிங்கலம்? இரண்டு கப்பல்களுக்கு நடுவே, காலத்துக்கும் கண் மூடாமல் அப்படியே கிடக்க வேண்டியதுதானா?

மகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். போன வாரம் அவள் நடுவில் எழுந்து போய் வந்தபோது, விட்டுப்போன பகுதியை மகளிடம்தான் கேட்டாள். மகள் சொன்ன கதை: போச்சு, வந்துச்சு, அவ்வளவுதான்.

வாசலருகே மேசையில் பதிவுப் படிவங்கள் அடுக்கியிருந்தன. மூன்று வாரமாக அவள் பார்த்தும் பார்க்காததுபோல் கடந்து போன அடுக்கு. அம்மாக்கள் இன்னும் கலையவில்லை. பக்கத்து நாற்காலிக்காரி அங்கேயே நின்று பையில் எதையோ துழாவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஒரு படிவத்தை உருவினாள்.

மகள் ஓடிவந்து, மேசை விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டு பார்த்தாள். தன் பெயர்தான் வரப்போகிறது என்று நினைத்திருப்பாள்.

'குழந்தையின் பெயர்' என்ற இடத்தில் அவள் தன் பெயரை எழுதினாள். 'குழந்தை' என்பதை அடிக்கவில்லை.

'காது கேளாதவர்' என்ற கட்டத்தில் குறியிட்டாள். எப்போதிலிருந்து? பிறந்ததிலிருந்து.

வயது: முப்பத்தாறு.

மகள் படிவத்தைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மேசையிலிருந்து மோவாயை எடுத்துவிட்டு நிமிர்ந்து நின்று, இரண்டு கைகளாலும், அவர்கள் வீட்டில் எப்போதும் பேசிக்கொள்கிற விதத்தில், விரல்களால் கேட்டாள்:

அப்படின்னா அடுத்த வாரம் நான் களிமண்ணுக்குப் போகலாமா?