பெரிசின் முறை

"பெரிசு இன்னிக்கும் தொடல" என்று டையைக் கழற்றி நாற்காலி மேல் போட்டான் துணை விமானி.

மனைவி அவனுடைய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "போறப்பவும் வர்றப்பவும் நீங்கதானா?"

"ரெண்டும் நான்தான். அது பாட்டுக்குக் கையைக் கட்டிக்கிட்டு ஜன்னல்ல வேடிக்கை பாக்குது. சம்பளம் மட்டும் கேப்டன் சம்பளம்."

பெரிசு என்பது கம்பெனியின் மூத்த கேப்டனுக்கு முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். நேரில் எல்லோருக்கும் அவர் சார்தான். விமானத்தில் வழக்கம் ஒன்று உண்டு. போகும்போது ஒருவர் ஓட்டி இறக்கினால், திரும்பும்போது மற்றவர். ஆளுக்கொரு முறை. பெரிசோ மூன்று மாதமாகத் தன் முறையையும் இவன் தலையிலேயே கட்டிக்கொண்டிருந்தார்.

அதோடு சும்மா இருப்பாரா என்றால் அதுவும் இல்லை. "மூக்கைத் தூக்கு. அவ்வளவு இல்ல. கிட்ட இருக்கிற தரையைப் பாக்காத, ரன்வே கடைசியைப் பாரு" என்று நச்சரிப்பார். இறங்கிய பிறகு பாராட்டும் கிடையாது. "பயணிங்க பல்லெல்லாம் பத்திரமா இருக்கான்னு போய்க் கேட்டுட்டு வா" என்பார்.

கம்பெனி நொடித்துப் போயிருந்தது. பாதி விமானங்கள் இன்ஜினுக்கு உறை போட்டு ஓரமாக நின்றன. வயதானவர்கள் விருப்ப ஓய்வு வாங்கிக்கொள்ளலாம், சின்னவர்கள் சம்பளமில்லாத நீண்ட விடுப்பில் போகலாம் என்று அறிவித்திருந்தார்கள். குழந்தை பிறந்த நேரம், நல்லதாகப் போயிற்று என்று முதல் ஆளாக விடுப்பில் போனவன் இவன். ஒரு வருடம் கழித்துத் திரும்பியபோது கை மரத்துப் போயிருந்தது. முதல் தடவை இறக்கியதே தூக்கிப் போட்டது. இப்போது ஆள்குறைப்பு போதவில்லை என்று எல்லோருக்கும் சோதனை வைக்கப் போகிறார்கள். தேறாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்தப் பயம் அவனைத் தின்றுகொண்டிருந்தது.

"அது ஒண்ணு பேரைக் கொடுத்துட்டுப் போனா, சின்னவங்க ஒருத்தருக்காவது வேலை மிஞ்சும். கேட்டீங்களா?" என்றாள் மனைவி.

"கேட்டேன். 'உனக்கெதுக்கு அது, வேகத்தைப் பாரு'ங்குது."

"அப்ப தலைமை விமானிகிட்ட சொல்லுங்க. ஓட்டாதவருக்கு எதுக்கு சீட்டு?"

"ஓட்டலன்னு சொன்னா, அது அவர் இஷ்டம்னுடுவாங்க."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "கை நடுங்குதுன்னு சொல்லுங்க."

அவன் நாற்காலி மேல் கிடந்த டையை எடுத்து மடித்து வைத்தான்.

மறுநாள் தலைமை விமானியின் அறையில் நின்றான்.

"பயணிங்க பாதுகாப்பை நினைச்சுத்தான் சார் சொல்றேன். அவருக்குக் கை நடுங்குது. அதான் கண்ட்ரோலைத் தொடவே மாட்டேங்குறார்."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்."

தலைமை விமானி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "தம்பி, இப்படி ஒண்ணு காதுல விழுந்தா நான் விழாத மாதிரி இருக்க முடியாது. டாக்டருங்க பாத்து முடிக்கிற வரைக்கும் அவரை விமானத்துல ஏத்தவே கூடாது. நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"யோசிச்சுட்டேன் சார்."

பெரிசு வருவது அன்றோடு நின்றுபோனது. "ஒரு வழியா இடத்தைக் காலி பண்ணுச்சு" என்று விமானிகள் அறையில் யாரோ சொல்ல, இவனும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தான்.

அடுத்த வாரம் சோதனை. நிஜ விமானம் மாதிரியே ஆடும் ஒரு பெட்டிக்குள் உட்காரவைத்து, மழை, பக்கக் காற்று, ஒரு இன்ஜின் அணைந்து போவது என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்தார்கள். கை பதறும்போதெல்லாம் அவனுக்குப் பெரிசின் நச்சரிப்புதான் காதில் கேட்டது. கடைசியைப் பாரு. கடைசியைப் பாரு. சக்கரம் தரையைத் தொட்டதே தெரியவில்லை.

முடிவைச் சொல்லத் தலைமை விமானி கூப்பிட்டனுப்பினார்.

"தேறிட்டீங்க. சோதனை பண்ணவரே அசந்துட்டாராம். உங்க வேலைக்கு இனி ஆபத்தில்ல."

"ரொம்ப நன்றி சார்."

"எனக்கெதுக்கு நன்றி? உங்க கேப்டன், நீங்க லீவு முடிஞ்சு வந்தப்பவே விருப்ப ஓய்வுக்குப் பேர் கொடுத்துட்டார் தம்பி. மூணு மாசத்துல போறேன், யாருக்கும் சொல்லாதீங்கன்னார். 'இவன் லீவுல கிடந்து கை செத்துப் போய் வந்திருக்கான், சோதனையில மாட்டிப்பான். நான் போற வரைக்கும் என்கூடவே போடுங்க, என் முறையையும் அவனே இறக்கட்டும்'னார்."

"அப்ப, நான் கை நடுங்குதுன்னு சொன்னப்ப..."

"அவரையே கேட்டேன். 'ஆமா, அன்னிக்குக் கொஞ்சம் நடுங்குச்சு'ன்னுட்டார். நீங்க சொன்னது பொய்னு ஆனா உங்க வேலை போயிடும்னு அவருக்குத் தெரியாதா?"

"டாக்டருங்க என்ன சொன்னாங்க சார்?"

"நேத்துதான் முடிச்சாங்க. கை கல்லு மாதிரி நிக்குதாம்."

அவனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. "அப்ப திரும்ப ஏறலாமே சார்? நானே போய்க் கூப்பிடுறேன். கால்ல விழுந்தாவது..."

"முந்தாநாளோட அவர் ஓய்வுல போயாச்சு தம்பி" என்றார் தலைமை விமானி. "அன்னிக்கு ஒரு நாள் மட்டும், கடைசியா ஒரே ஒரு தடவை, நானே இறக்கிக்கிறேன்னு என்கிட்ட கேட்டு வாங்கி வச்சிருந்தார்."