தபால்காரரின் பை

வரிகள் அவளுடையவை. கீழே இருந்த பெயர் வேறு யாருடையதோ.

சுகந்தி மனோகர்.

பெயருக்குப் பக்கத்தில் சிரித்த முகம் ஒன்று. நல்ல முகம்தான். கோபப்படக்கூட இடம் தராத முகம்.

அவள் அலைபேசியைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தாள். பிறகு எடுத்தாள்.

தலைப்பைக்கூட அந்த இணையதளத்தார் மாற்றியிருக்கவில்லை. ‘மழையில் அப்பா.’

‘வீட்டிலிருந்தே எழுத ஆட்கள் தேவை’ என்ற விளம்பரங்கள் எல்லாவற்றிலும் முன் அனுபவம் கேட்டிருந்தார்கள். அந்தக் கட்டம் வந்ததும் அவள் விரல் நின்றுவிடும். கேட்காத ஒரே தளம் இதுதான்.

‘ஒரு மாதிரிக் கட்டுரை அனுப்புங்க மேடம். அப்பாவைப் பத்தி. படிக்கிறவங்க அழணும்.’

கணவன் பனியன் கம்பெனிக்குப் போனதும் உட்கார்ந்தாள். உலையில் அரிசி போட மறந்தாள்.

அழுகைக்குப் பஞ்சமில்லை. அப்பாவைத்தான் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அவள் அப்பா லைன்மேன். தனக்குப் பிடித்தவனோடு அவள் வீட்டைவிட்டு வந்த பிறகு, சங்கரன்கோவில் தெருக்களில் கம்பம் ஏறும்போதெல்லாம் கீழே நின்றவர்கள் அவரை அண்ணாந்து பார்த்துத் தங்களுக்குள் பேசினார்களாம். தங்கை சொல்லியிருந்தாள். அவர் இறங்கி வந்து யாரோடும் பேசாமல் சைக்கிளை எடுப்பாராம்.

மறுபடியும் அவரைத் தெருவுக்கு இழுக்க அவளுக்கு மனமில்லை.

எனவே லைன்மேனைத் தபால்காரர் ஆக்கினாள். ஊரை மாற்றினாள். மழையை மட்டும் மாற்றவில்லை.

‘பள்ளிக்கூடம் விடும் நேரம் பார்த்து மழை வரும். தபால்காரர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவார். தன் பையை எடுத்து மகள் தலையில் கவிழ்ப்பார். அது மூக்கு வரை இறங்கும். தல நனையக் கூடாது, மத்ததெல்லாம் காஞ்சிரும் என்பார். உள்ளே மழை டணடணவென்று கேட்கும். அவர் நனைந்துகொண்டே வருவார்.’

துணிப்பைக்குள் மழை அப்படிக் கேட்காது. தெரிந்தேதான் எழுதினாள்.

முழுவதையும் தளத்தின் படிவத்திலேயே தட்டி அனுப்பினாள். பாதி அனுப்பினால் போதும் என்று சொல்ல ஆள் இல்லை.

‘நல்லா இருக்கு மேடம். இப்போதைக்கு ஆள் எடுக்கல. பின்னாடி கூப்பிடுறோம்.’

அந்த ‘நல்லா இருக்கு’வைக் கணவனிடம் காட்டினாள். அவனும் சிரித்தான். அன்று இருவரும் ஏனோ மகிழ்ச்சியாக இருந்தார்கள்.

இப்போது தளத்தாரோடான அந்த உரையாடலையே மறுபடி திறந்தாள். ‘இது நான் எழுதியது’ என்று தட்டினாள்.

எப்படி நிரூபிப்பது? அவளிடம் பிரதிகூட இல்லை.

இது என் அப்பா என்று சொல்லலாம். ஆனால் அதில் இருப்பவர் அவள் அப்பா இல்லை. அவளேதான் மாற்றினாள்.

விரல் நின்றது.

அப்போதுதான் தங்கையின் குரல் பதிவு வந்தது. பின்னணியில் குக்கர் விசில்.

“யக்கா, வேலையா இருக்கியா? அப்பா குடும்ப குரூப்புல ஒரு கதை போட்டிருக்காவ. குட் மார்னிங்கூட போடாத மனுசன், எனக்கே அதிசயமா இருக்கு. உனக்கும் அனுப்பியிருக்கேன், படிச்சுப் பாரு. நீயும் எழுதுதேன் எழுதுதேன்னு சொல்லுதியே, எழுதுனா இப்படில்லா எழுதணும். சித்தப்பா என்ன போட்டாவ தெரியுமா? ‘யாரு பெத்த பிள்ளையோ’ன்னு. அப்பா இதப் போடதுக்கு முன்னால மத்தியானம் பூரா போன வச்சிக்கிட்டு ஒத்த விரலால தட்டிக்கிட்டே கெடந்தாவ. சோறு ஆறிப்போய்க் கெடக்கு.”

அந்தக் குரூப்பில் அவள் இல்லை. கல்யாணத்தன்று அப்பா அவளை அதிலிருந்து நீக்கினார்.

யாரு பெத்த பிள்ளையோ.

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். சிரிப்புத்தான் முதலில் வந்தது. பிறகு அது சிரிப்பாக இல்லை.

அப்பா படித்திருக்கிறார். சுகந்தி என்ற ஒரு மகளின் பாசத்தைப் படித்திருக்கிறார். ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார். பெற்றால் இப்படி ஒருத்தியைப் பெற்றிருக்க வேண்டும் என்று நினைத்திருப்பார்.

தங்கை அனுப்பியதைத் திறக்க வேண்டாம் என்றுதான் இருந்தாள். மனப்பாடமாகத் தெரிந்ததைப் படிக்க என்ன இருக்கிறது.

திறந்தாள்.

பள்ளிக்கூடம் விட்டது. மழை வந்தது. தபால்காரர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

‘தன் மஞ்ச ஹெல்மெட்டை எடுத்து மகள் தலையில் கவிழ்ப்பார்.’

அவள் மறுபடி படித்தாள்.

தளத்துக்குப் போய்ப் பார்த்தாள். அங்கே பைதான் இருந்தது.

திரும்பி வந்தாள். இங்கே ஹெல்மெட். கம்பம் ஏறும்போது அப்பா போடுவது; மழையில் அவள் தலைக்கு வருவது. முன்பக்கம் கீறல் விழுந்தது. உள்ளே தேங்காயெண்ணெய் வாசம் அடிப்பது.

மற்றபடி ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. தபால்காரர் தபால்காரராகவே இருந்தார். கீழே சுகந்தி மனோகரும் அப்படியே இருந்தாள்.

தபால்காரருக்கு எதற்கு ஹெல்மெட் என்று சித்தப்பா கேட்கவில்லை. தங்கையும் கேட்கவில்லை.

வெளியே சுள்ளென்று வெயில். அவள் உச்சந்தலையில் கை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

‘இது நான் எழுதியது’ இன்னும் அனுப்பப்படாமல் கிடந்தது. அதை அழித்தாள்.

தங்கைக்கு ஒரு வரி அனுப்பினாள்.

‘அப்பாவ மொதல்ல சாப்பிடச் சொல்லு.’