ஊதிக் காட்டினான்

"ஊது," என்றாள் அமிர்தம், வாசலை மறித்துக்கொண்டு.

கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்த மகன் இளவரசன், தினமும் போல ஊதினான். வாடையே இல்லை. ஆனால் இமை சொருகியது, நாக்கு குழறியது.

"ஏலக்கா மென்னுக்கினு வந்தியா?"

"குடிக்கலம்மா. கண்ணு ரெண்டு ரெண்டா தெரியுது."

"உங்க தாத்தா சாராயத்துல போனாரு, உங்கப்பனும் அதுலதான் போனாரு. இந்த வூட்டு ஆம்பளைங்க போற வழி அதாண்டா."

"வாடை அடிச்சாலும் குடிச்சேங்கிற, அடிக்கலன்னாலும் குடிச்சேங்கிற. இன்னா காட்டுனா நம்புவே?"

"போதை தெளிஞ்சதும் பேசு. போய்ப் படு."

விடிந்தும் அவன் எழவில்லை. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் டாக்டர் அவன் கணுக்காலில் இருந்த இரண்டு புள்ளிகளைக் காட்டினார்.

"கட்டுவிரியன்மா. கடிச்சதே தெரியாது. இமை சொருகும், பேச்சு குழறும். உடனே கூட்டிட்டு வந்திருந்தா..."

துக்கத்துக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாம்பு கடிச்சதுகூடத் தெரியலன்னா எவ்ளோ குடிச்சிருப்பான், பாவம்!"

"குடிக்கலக்கா. நான்தான் மோந்து பாத்தேன். வாயில வாடையே இல்ல."

"ஏலக்கா மென்னிருப்பான்மா."