மயிரல்ல, மானம்

"யாருக்குடா வித்தே?"

பீர்க்கடைக்குள் நுழைந்ததும் மைக் கேட்ட முதல் கேள்வி இதுதான். வணக்கமும் இல்லை, நலமா என்ற விசாரிப்பும் இல்லை.

கேட்கப்பட்டவர் மீசை. ஆனால் மீசையின் முகத்தில் இன்று மீசை இல்லை.

அவர் மேலுதட்டைத் தடவிக்கொண்டு என்னவோ சொன்னார். மைக் தலையைத் திருப்பிக்கொண்டார். உரித்த வெங்காயம் போலிருந்த அந்த முகத்தைப் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை.

லேசுப்பட்ட மீசையா அது? வாயையே மூடிக்கொண்டு தொங்கும். அவர்கள் வேலை பார்த்த தகடு அடிக்கும் ஆலையில் இயந்திரம் ஓடும்போது காதால் பேச்சைக் கேட்டவன் கிடையாது. எதிராளியின் உதட்டைப் பார்த்துத்தான் எல்லோரும் பேசிக்கொள்வார்கள். மீசையிடம் மட்டும் அது பலிக்காது. "புதருக்குள்ள ஓணான் ஓடினா எவனுக்குத் தெரியும்?" என்று கிண்டலடித்துவிட்டு, அவரோடு மட்டும் கைஜாடையில் பேசுவார்கள்.

கதவடைப்பு முடிந்த அன்று மேனேஜர் சொன்னான்: "மீசையை எடுத்துட்டு வா, வேலை தர்றேன்." மீசை எடுக்கவில்லை. எட்டு மாதம் வாசலில் நின்று, கடைசியில் மீசையோடுதான் உள்ளே போனார். அதற்காக மைக் எழுதிய துண்டறிக்கையின் தலைப்பு இன்றும் சங்கத்தில் பலருக்கு மனப்பாடம்: 'மயிரல்ல, மானம்!'

அந்த மானம்தான் இப்போது மழிக்கப்பட்டிருந்தது.

"உட்காரு தம்பி," என்று ஆலைக் கேன்டீன் அக்கா இடத்தைக் காட்டினாள். பாட்டு மேடையை ஒட்டிய மேசை. அக்கா, கூட வேலை பார்த்த ஃபிட்டர், மீசை மூவரும் எதிர்ப் பலகையில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். விளக்கு வெளிச்சம் மூன்று முகங்களிலும் பளிச்சென்று விழுந்தது. இந்தப் பக்கம் மைக் மட்டும்.

"என்ன இது, விசாரணைக் கமிஷனா? நீங்க மூணு பேரும் அந்தப் பக்கம், குற்றவாளி நான் இந்தப் பக்கம்?"

"ஆமா. பர்கர் வந்தப்புறம்தான் தீர்ப்பு," என்றார் ஃபிட்டர்.

அது மைக்கின் காதில் விழவில்லை. கண்ணில் விழுந்தது.

போன வருடமே காது இரண்டும் போய்விட்டன. யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆலை வாசலில் ஒலிபெருக்கி இல்லாமலே மூன்று தெருவுக்குக் கேட்கப் பேசி 'மைக்' என்று பெயர் வாங்கியவன், "என்ன சொன்னே? என்ன சொன்னே?" என்று பிச்சை கேட்பதா? நண்பர்கள் கூப்பிட்டபோதெல்லாம் வேலை இருக்கிறது என்று தட்டிக் கழித்தார். இன்று அக்கா அவர் வீட்டுக்கே வந்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

பர்கர் வந்தது. நுரை வழிய பீர் வந்தது. மேடையில் படகோட்டிகளின் நாட்டுப்பாட்டு தொடங்கியது.

"உழைக்கிறவன் பாட்டை பீர் குடிக்கிறவனுக்கு விக்கிறாங்க," என்று மைக் முகம் சுளித்தார்.

"பீர் குடிக்கிறவன் உழைக்கலையா? உன் கையில இருக்கிறது என்ன, பாலா?" என்றாள் அக்கா.

ஃபிட்டர் சிரித்தார். ஆனால் பர்கரை மென்று விழுங்கி, வாயைத் துடைத்த பிறகுதான் பேசினார். "அக்காகிட்ட வாயக் குடுத்து எவன் ஜெயிச்சான்?"

ஆலையில் வாய் நிறையச் சோற்றோடு சண்டை போட்டவனுக்கு வந்த நாகரிகத்தைப் பார் என்று நினைத்துக்கொண்டார் மைக்.

அப்போதுதான் காலடியில் ஏதோ அதிர்ந்தது. மேடைப் பலகை அவர் மேசைக்கு அடிவரை நீண்டிருந்தது. மேளத்தின் ஒவ்வொரு அடியும் பாதம் வழியாக ஏறி நெஞ்சில் விழுந்தது. ஒரு வருடம் கழித்து ஒரு பாட்டு அவரிடம் வந்திருந்தது. கால் தானாகத் தாளம் போட்டது. கண் கலங்கியது. நல்லவேளை, நல்ல இடமாக வாய்த்தது என்று நினைத்தார்.

நிமிர்ந்தவர் கண்ணில் மறுபடி அந்த மழித்த முகம்.

"கருங்காலி!"

மேளச் சத்தத்தில் அமுங்கிவிடும் என்று நினைத்துத்தான் சொன்னார். காலடி அதிர்வு நின்று பாட்டு முடிந்துபோனதை, இருந்த கோபத்தில் அவர் கவனிக்கவில்லை. அமைதியான கூடத்தில் அந்தச் சொல் மூன்று தெருவுக்குக் கேட்டது. எல்லாத் தலைகளும் திரும்பின.

மைக் எழுந்துவிட்டார். "இதோட சரி. மானத்தை விக்கிறவனோட இனிமே நான் ஒரு மேசையில உட்கார மாட்டேன். என்னைக் கூப்பிடாதீங்க."

அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். முகத்துக்கு நேராக வந்து சொன்னாள்: "போறதுன்னா போ. ஒரே ஒரு தடவை அவன் மூஞ்சியைப் பார்த்துட்டுப் போ. வந்ததுலேருந்து அவன் உன்கிட்ட பேசிட்டிருக்கான். நீதான் திரும்பவே இல்ல."

அடுத்த பாட்டு தொடங்கி, மேளம் கூரையைப் பிளந்தது. மைக் வேண்டாவெறுப்பாகத் திரும்பினார்.

மீசை குரலே எழுப்பவில்லை. உதட்டை மட்டும், ஒவ்வொரு சொல்லாக, நிதானமாக அசைத்தார். இத்தனை வருடத்தில் அந்த வாயை மைக் முதல்முறையாகப் படித்தார். படித்துக்கொண்டே பழையபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உனக்குக் காது போனது எங்களுக்கு எப்பவோ தெரியும்டா. எல்லார் வாயும் உனக்குப் புரியுது, என் வாய் மட்டும் தெரியல. அதான் எடுத்துட்டேன். மேனேஜர் கேட்டப்போ அது மானம். உனக்குன்னா அது வெறும் மயிர்தானேடா."