மக்கள் போட்ட பாதை

“முதல் அடி நீங்கதான் வைக்கணும் சார்” என்று இட்லிக்கடை வீராயி கத்திரிக்கோலை என் கையில் திணித்தார். ரிப்பனுக்கு அந்தப் பக்கம் நூறடி நீளத்துக்குப் புத்தம்புதிய கல்பாதை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இருக்காதா பின்னே! முப்பத்திரண்டு வருடமாகக் கட்டடக்கலைக் கல்லூரியில் நகர வடிவமைப்பு நடத்துகிறேன். நான் வரைந்த நகரங்களை அடுக்கினால் மலைக்கோட்டை உயரம் வரும். கட்டி முடித்தது ஒரு பஸ் நிழற்குடைகூட இல்லை. வரும் மாதம் ரிட்டயர்மென்ட். போகும்போது காட்டிக்கொள்ள எனக்கு இருப்பது இந்த ஒரு பாதைதான்.

ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டை ஒட்டிய காலனி அது. நடுவில் நெருஞ்சி மண்டிய ஒரு பொது இடம். அதில் பாதை போட்டுத் தருகிறேன் என்று கல்லூரியின் சமூக சேவைத் திட்டத்தில் வாக்குக் கொடுத்தேன். “நீ பேனாவால கோடு போடாதே. ஜனங்க காலால போடட்டும், ஒரு வருஷம் சும்மா பாரு” என்று வகுப்பில் முழங்குகிறவன் நான்.

சொன்னபடியே பார்த்தேன். தினமும் காலையும் மாலையும் தில்லை நகரிலிருந்து வந்து, அந்தப் பொது இடத்தின் ஒரு மூலையில் இருந்த வேப்பமரத்தடியில் ஸ்கூட்டரை நிறுத்துவேன். எதிர்மூலையில் பரக்கத் அலி கடையில் ஒரு டீ. பிறகு நோட்டும் கையுமாக உட்கார்ந்துவிடுவேன்.

நாலைந்து மாதத்தில் முள்ளுக்கு நடுவே ஒரு கோடு விழுந்தது. மரத்தடியிலிருந்து டீக்கடைவரை, குறுக்காக! ஐப்பசி மழையில்கூட அது மறையவில்லை. உழைக்கும் மக்கள் நிழலில் கூடி, பேசி, டீக்கு நடக்கிறார்கள் என்று பதினெட்டுப் பக்கக் கட்டுரை எழுதி, கருத்தரங்கில் கைதட்டல் வேறு வாங்கிவிட்டேன்.

நான் பார்க்கும்போது மட்டும் யாரும் நடக்கவில்லை. ஆராய்ச்சியாளனைக் கண்டால் ஜனங்கள் கூச்சப்படுவார்கள் என்று அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. படித்தவனுக்குப் பதிலா பஞ்சம்?

கல் வந்து இறங்கியதும் காலனியே திரண்டது. கூலி கேட்காமல் சுமந்தார்கள். வீராயி எல்லோருக்கும் இட்லி அவித்துப் போட்டார். இதுவல்லவா மக்கள் பங்கேற்பு என்று உருகிப்போனேன்.

ரிப்பனை வெட்டினேன். “நான் எதுக்கும்மா? இது நீங்க போட்ட பாதை. நீங்க நடங்க” என்று பெருந்தன்மையாக விலகி நின்றேன்.

ஒருவரும் அசையவில்லை. வீராயி, டீத்தட்டோடு நின்ற பரக்கத் அலியைப் பார்த்தார்.

“எங்களுக்கு எதுக்கு சார்?” என்றார் பரக்கத் அலி. “முள்ளுக்குப் பயந்து நாங்க எல்லாரும் ரோட்டைச் சுத்தித்தான் போவோம்.”

“அப்ப இந்தத் தடம்?”

வீராயி சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்:

“உங்களுதுதான் சார்… இந்த வயசுல ஒரு டீக்காக டெய்லி முள்ளுல நடக்குறாரே, பாவம்னுதான் காலனியே சேர்ந்து கல்லு சுமந்தோம்!”