அரிசி டப்பா இல்லாத வீடு

“நம்ம வீட்டுக்குள்ள பதினோரு பேர் இருக்கானுங்க, லஸ்த்ரி.”

லஸ்த்ரி சுற்றிலும் பார்த்தாள். கணவர் தர்சோனோ இருந்தார். முன்வாசலில் கூண்டுக்குள் அவருடைய சோலைப்பாடிப் பறவை இருந்தது. வேறு யாரும் இல்லை.

“எங்கங்க?”

தர்சோனோ கைபேசியை நீட்டினார். வீட்டு வைஃபையில் யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று அது காட்டியது.

“இது என் போன். இது உன்னோடது. மத்ததெல்லாம் யாரு? ‘துகியோ’ன்னு சொந்தப் பேரோட உள்ள வந்திருக்கான் பாரு. திருட வர்றவன் பேரையாவது மறைக்க வேண்டாமா?”

துகியோ மதில் சுவருக்கு வெளியேதான் இருந்தான். தெருக்காரர்கள் முறை வைத்து இரவுக் காவல் இருப்பார்கள். அவர்களுக்கென்று தெருமுனையில் ஒரு மூங்கில் கொட்டகை உண்டு. ஆனால் பொழுது சாய்ந்ததும் எல்லோரும் தர்சோனோ வீட்டுச் சுவரடியில்தான் பாயை விரிப்பார்கள். டோமினோ, தேநீர், ஆளுக்கொரு கைபேசி.

“மூணு தடவ பாஸ்வேர்டை மாத்திட்டேன். முதல்ல பறவையோட பேரு. கண்டுபிடிச்சுட்டானுங்க. அப்புறம் உன் பொறந்த நாள்.”

“அது உங்களுக்கே தெரியாதே.”

“உன்கிட்ட கேட்டுத்தான் வச்சேன். அதையும் கண்டுபிடிச்சுட்டானுங்க. நேத்து உங்கம்மா பேரையே வச்சேன். அதுக்குக்கூட பயப்படல.”

அவர் சுவருக்கு மேல் தலையை நீட்டினார்.

“டேய் துகியோ! நெட்டு நல்லா வருதா?”

“நேத்து கொஞ்சம் மெதுவா இருந்துச்சு, பாக் தர்சோனோ. கம்பெனிக்காரன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைங்க.”

சுவருக்கு அப்பால் சிரிப்பு. தர்சோனோ தலையை இழுத்துக்கொண்டார்.

“ஒரு பிடி அரிசி குடுக்காதவன் நான். நெட்டு குடுப்பேனா?”

அது உண்மை. மற்ற வீடுகளின் வாசலில் ஒரு சின்ன டப்பா தொங்கும். காவலுக்கு வருகிறவர்களுக்காகத் தினமும் அதில் ஒரு பிடி அரிசி போடுவார்கள். தர்சோனோ தன் வீட்டு டப்பாவை எப்போதோ கழற்றிவிட்டார். இப்போது அதில் பறவைக்கான வெட்டுக்கிளிகள் இருந்தன. அப்படியும் காவலுக்குக் குறைவில்லை. சும்மா காக்கிறார்கள், மடப்பசங்கள் என்று அவர் மனைவியிடம் சொல்லிச் சிரிப்பதுண்டு.

போன வாரம் பின்தெருவில் இரண்டு கூண்டுகள் காணாமல் போயிருந்தன. தர்சோனோவின் பறவைக்கு ஞாயிற்றுக்கிழமை சோலோ நகரத்தில் பாட்டுப் போட்டி. போன வருடக் கோப்பை டிவி மேல் இருந்தது. அந்தப் பறவைக்காக ஒருவர் தன் மோட்டார்சைக்கிளையே தர வந்தார். தர்சோனோ அவருக்குக் குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டார்.

“இப்ப பாரு” என்று கைபேசியோடு வைஃபை பெட்டியின் முன் உட்கார்ந்தார். நெடுநேரம் தட்டினார். “நீளமான பாஸ்வேர்டு. எண்ணு, புள்ளி, ஆச்சரியக்குறி எல்லாம் இருக்கு. என் மண்டைக்குள்ள மட்டும்தான் இருக்கு.”

“எனக்கு?”

“உனக்கும் கிடையாது. எங்க ஓட்டைன்னு தெரியணும்ல?”

“அவங்க எழுந்து போயிட்டா?”

“எங்க போவானுங்க? காவல் இருக்கறது அவனுங்க கடமை.”

சுவருக்கு அப்பால் டோமினோ சத்தம் நின்றது. கைபேசிகள் ஒவ்வொன்றாக வானத்தை நோக்கி உயர்ந்தன. துகியோ ரம்புத்தான் மரத்தில் பாதி ஏறிப் பார்த்தான். பிறகு பாயைச் சுருட்டிக்கொண்டு தெருக்கோடியில் வைஃபை இருக்கும் முலியோனோ வீட்டுப் பக்கம் நடந்தார்கள்.

“ஒழிஞ்சானுங்க” என்றார் தர்சோனோ. கொட்டாவி விட்டார்.

“நீங்க படுங்க. கூண்டை நான் பாத்துக்கறேன்” என்றாள் லஸ்த்ரி.

காலையில் அவர் முதலில் பார்த்தது கைபேசியைத்தான்.

“லஸ்த்ரி! ஒரே ஒரு போன். என்னோடது. ஒருத்தன்கூட உள்ள வரல!”

விசிலடித்துக்கொண்டே முன்வாசலுக்குப் போனார். விசில் பாதியில் நின்றது.

கொக்கி மட்டும் தொங்கியது. பறவை இல்லை. கூண்டும் இல்லை.

“போச்சு! துகியோதான்! நெட்டு குடுக்கலேன்னு பறவையைத் தூக்கிட்டான்! போலீசுக்குப் போறேன்!”

ஒரு காலில் அவருடைய செருப்பு, மறு காலில் மனைவியுடையது. கேட்டைத் திறக்க ஓடினார். பூட்டு போட்டபடியே இருந்தது.

“பூட்டின கேட்டுக்குள்ள எப்படி வந்தான்?”

லஸ்த்ரி தேநீரைத் திட்டில் வைத்தாள்.

“கொஞ்சம் கத்தாம இருங்க. காதை அந்தப் பக்கம் குடுங்க.”

தெருக்கோடியிலிருந்து பாட்டு கேட்டது. கோப்பை வாங்கிய அதே பாட்டு. முலியோனோ வீட்டுச் சுவரடியில், பாயும் டோமினோவும் கிடக்கும் இடத்திலிருந்து.

“நான் சொல்லல? திருட்டுப் பசங்க!”

“யாரும் திருடல. காவல் இருக்கற எடத்துல இருக்கட்டும்னு நேத்து ராத்திரி நான்தான் கொண்டுபோய் மாட்டிட்டு வந்தேன்” என்றாள் லஸ்த்ரி. “இத்தனை வருஷமா ஊர்ல எல்லாரும் அவங்களுக்கு அரிசி போட்டாங்க, நான் பாஸ்வேர்டு போட்டேன், நேத்து போடறதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்லையே.”